மாடியிலிருந்து தெரியும் தோட்டம்

செடிக்கடை அக்கா முதலில் கேட்டது இடம் எவ்வளவு, வெயில் எப்படி என்றல்ல. "எதை மறைக்கணும்?" என்றுதான் கேட்டாள்.

கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். "தோட்டம் முழுசும்," என்றான் அவன். "ஊஞ்சல் இருக்கிற மூலை மட்டும்," என்றாள் அவள்.

அக்கா தண்ணீர்க் குழாயை ஒரு தொட்டிக்குள் போட்டுவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "வீட்டுக்குப் போய்ப் பேசி முடிவு பண்ணிட்டு வாங்கன்னு சொல்லலாம். அப்படி அனுப்பினவங்க யாரும் இதுவரைக்கும் திரும்பி வரல. அதனால இங்கயே சண்டை போட்டு முடிச்சிடுங்க. நிழல் இருக்கு, உக்கார ஸ்டூல் இருக்கு."

பச்சை வலைக்குக் கீழே கறுப்புப் பைகளில் கன்றுகள் உயரவாரியாக நின்றன. இருவரும் ஸ்டூலில் உட்காரவில்லை. சண்டை போடும் தெம்பும் அவர்களிடம் இல்லை.

"சரி, யாரு பாக்குறாங்க?" என்றாள் அக்கா.

"பக்கத்து வீட்டு மாடியிலேர்ந்து," என்றாள் மனைவி.

"ஆம்பளையா?"

"இல்ல."

"அப்ப பரவாயில்ல. போன மாசம் ஒருத்தர் வந்தார், மாமியார் பாக்குறது தாங்கலன்னு. எந்தப் பக்கம் வீடுன்னு கேட்டா, அந்தம்மா இருக்கிறது இவர் வீட்டு ஹாலுக்குள்ளயே. சோபா பக்கத்துல மூங்கில் வருமான்னு கேக்குறார்."

மனைவியின் உதடு அசைந்தது. உடனே கணவனை ஓரக்கண்ணால் பார்த்து அதை நிறுத்திக்கொண்டாள். அவன் ஒரு பையின் மண்ணை விரலால் அழுத்திக்கொண்டிருந்தான்.

தெருவில் அவனை வேன்காரர் என்பார்கள். ரொட்டிக் கம்பெனி வேனை ஓட்டிக்கொண்டிருந்தான். இப்போது ஓட்டுவதில்லை, அதே கம்பெனியின் கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். பெயர் மட்டும் மாறவில்லை. அவளுக்குத் தையலம்மா என்று பெயர். முன்னறையில் மெஷின் போட்டு ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைக்கிறாள். அவர்களுக்கு ஒரே பெண். ஏழு வயது. பாப்பா.

போன வருடம் ஒரு காலையில் வேன்காரன் வீட்டு வாசலிலிருந்து வேனைப் பின்னால் எடுத்தான். பின்சக்கரத்துக்கு அருகே பக்கத்து வீட்டுப் பையன் குந்தியிருந்தான். நான்கு வயது. சிட்டு என்று கூப்பிடுவார்கள். பாப்பாவோடு விளையாட எப்போதும்போல இரண்டு வாசலுக்கும் நடுவிலிருந்த சந்து வழியாக வந்திருந்தான். பாப்பா அந்த நேரம் உள்ளே சாக்ஸின் ஜோடியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வழக்கு நடந்தது. வேனின் கண்ணாடியில் தெரியாத உயரம் என்று தீர்ப்பில் எழுதியிருந்தது. விபத்து என்று முடிந்தது. வழக்கு முடியும்வரை பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, ஆறுதல் சொன்னால்கூட ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று வக்கீல் சொல்லிவைத்திருந்தார். முடிந்த பிறகு போய்ப் பேசியிருக்கலாம். அதற்குள் பேசாமலிருப்பது பழகிப்போயிருந்தது. வீட்டை விற்கவும் முயன்றார்கள். பார்க்க வந்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள், தெருமுனைக் கடையில் ஒரு டீ குடித்தார்கள், பிறகு போன் எடுக்கவில்லை.

சிட்டுவின் அம்மாவைத் தெருவே டீச்சர் என்றுதான் சொல்லும். விபத்துக்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. சாயங்காலமானால் மாடி பால்கனிக்கு வருவாள். கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு இவர்கள் தோட்டத்தைப் பார்ப்பாள். திட்டியதில்லை, சாபம் விட்டதில்லை. பார்ப்பாள், அவ்வளவுதான்.

முதல் வாரத்தில் பாப்பாவைத் தோட்டத்துக்குப் போக வேண்டாம் என்று தையலம்மாதான் சொன்னாள். தன் பிள்ளை ஊஞ்சலில் ஆடுவது அந்தப் பால்கனிக்குத் தெரியக் கூடாது என்று அவளுக்குப் பட்டது. ஒரு வாரம் ஒரு வருடமானது. பாப்பா தையல் மெஷினுக்கு அடியில் துணித்துண்டுகளை வைத்துக்கொண்டு தனக்குத்தானே கிசுகிசுவென்று பேசி விளையாடினாள். சென்ற மாதம் பள்ளியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள்: இடைவேளையில் மைதானத்துக்கு அனுப்பினால் பிள்ளை வாசலிலேயே நின்று முதலில் மாடி ஜன்னல்களைப் பார்க்கிறாள், எந்த ஜன்னலிலாவது ஆள் இருந்தால் வகுப்புக்குத் திரும்பிவிடுகிறாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்த வழியில்தான் தையலம்மா செடி வைப்பது என்று முடிவு செய்தாள். பாப்பா வெளியே வந்து விளையாட வேண்டும். அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை.

"வேகமா வளரணும். அடர்த்தியா இருக்கணும்," என்றான் வேன்காரன்.

"எல்லாரும் கேக்குறது அதுதான் தம்பி. பிள்ளைங்க மட்டும் மெதுவா வளரட்டும்பாங்க." அக்கா நடந்துகொண்டே காட்டினாள். "இது அரளி. காடு மாதிரி மண்டும். வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கா?"

"இருக்கு."

"அப்ப இதை மறந்துடுங்க, பால் விஷம். காகிதப்பூ வெச்சா அழகு, ஆனா முள்ளு. ஓடி விளையாடுற இடத்துல சரிப்படாது. மூங்கில்ல ரெண்டு ஜாதி. ஒண்ணு கொத்தா இருந்த இடத்துலயே பெருக்கும். இன்னொண்ணு மண்ணுக்குள்ள நடந்து போய் அடுத்த வீட்டுல எட்டிப் பாக்கும், அப்புறம் மறைக்க வேண்டியது மாடிய இல்ல, உங்க மூஞ்சிய. நெட்டிலிங்கம் நேரா மேல போகும், இடம் அடைக்காது. செம்பருத்தி தலைக்கு மேல ரெண்டு முழம் வரும், வெட்ட வெட்ட அடர்த்தியாகும்."

"நெட்டிலிங்கம் போதும்," என்றான் அவன். "சுவரோரமா, இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி."

"இருங்க. மாடியில போய் நின்னு பாத்தீங்களா?"

தையலம்மா கணவனைப் பார்த்தாள்.

"மறைப்புக்கு உயரம் உங்க கண்ணுலேர்ந்து அளக்கிறதில்ல, பாக்குறவங்க கண்ணுலேர்ந்து அளக்கிறது. நான் தோட்டத்துல துணி கட்டின கம்பைத் தூக்கிப் பிடிப்பேன். நீங்க அவங்க மாடியில நின்னு மேல, கீழ, இடது, வலதுன்னு சொல்லணும். சுவரோரமா வெச்சா மரமே வேணும். உக்கார்ற ஆளுக்குப் பக்கத்துல வெச்சா செடி போதும். அங்கேர்ந்து பாத்தாத்தான் எது எங்கன்னு புரியும். என்ன, சண்டையா?"

"சண்டை இல்லக்கா," என்றாள் தையலம்மா.

"சண்டைன்னாக்கூட நானே போய்க் கேப்பேனே. பாதிப் பேர் விட்டுடுவாங்க. இனிமே நம்ம மூஞ்சிய அவங்களும் பாக்க வேண்டியதில்லையேன்னு சந்தோஷம்."

"அதெல்லாம் வேண்டாங்க," என்றான் வேன்காரன்.

அக்கா தையலம்மாவின் விரலில் இருந்த ஊசித் தழும்புகளைக் கவனித்தாள். "அளவெடுக்காம நீங்க யாருக்காவது தைச்சிருக்கீங்களா?"

"இல்லக்கா. இது ஒண்ணு மட்டும்."

அப்படித்தான் அளவில்லாமல் நெட்டிலிங்கம் வந்தது. தோட்டம் முழுவதும் என்ற அவன் பேச்சுக்கு அவள் விட்டுக்கொடுத்தாள். ஊஞ்சல் மூலையும் அதற்குள் அடங்குகிறதே என்று நினைத்தாள். பால்கனியில் ஆள் இல்லாத காலைப் பொழுதுகளில் அவன் குழி வெட்டினான். வேலை செய்தபடியே அடிக்கடி நிமிர்ந்து பார்த்தான். கன்றுகள் ஆள் உயரம் இருந்தன. நட்டு முடித்த அன்று சாயங்காலம் டீச்சர் வழக்கம்போல வந்து நின்றாள். பின்வாசல் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த வேன்காரன், இலைகளுக்கு நடுவே அவள் முகம் பாதிதான் தெரிகிறது என்று மனைவியிடம் சொன்னான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் குரல் கொஞ்சம் இளகியிருந்தது.

"எப்பம்மா வெளிய போலாம்?" என்று பாப்பா கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் வளரட்டும்."

வளரவில்லை. படிக்கு நேரே இருந்த கன்று முதலில் சுருண்டது. இலைகள் தொங்கி, காவி நிறமாகி, தொட்டால் நொறுங்கின. அடுத்து அதன் இரண்டு பக்கமும். வேன்காரன் கூடுதலாகத் தண்ணீர் விட்டான். எரு வைத்தான். பூச்சிமருந்து வாங்கி அடித்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போலப் பக்கத்துக் கன்றும் கருகிக்கொண்டே போனது. ஊஞ்சல் பக்கம் இருந்தவை மட்டும் பளபளவென்று துளிர்விட்டன.

செடிக்கடை அக்கா வந்து ஒரு கன்றைப் பிடித்து இழுத்தாள். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. வேரை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தாள். தோல் தனியாக, உள்ளே கூழாக வழுக்கியது.

"இது நோய் இல்ல தம்பி. வேர் வெந்து போயிருக்கு. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊத்தினா இப்படி ஆகும். சுவருக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து."

வேன்காரன் கையிலிருந்த மண்ணைத் தட்டினான். "சரி, விடுங்க. வேற வெச்சுக்கலாம்."

"என்ன தம்பி, விடுங்கன்னு சொல்றீங்க? போய்க் கேளுங்க."

"செத்தது செடிதானேங்க," என்றான்.

அக்காவுக்குப் புரியவில்லை. தையலம்மாவுக்குப் புரிந்தது. அவன் உள்ளே போய்க் குழாயைத் திறந்து வெகுநேரம் கை கழுவும் சத்தம் கேட்டது.

மறுநாள் பாப்பா பள்ளிக்கும் அவன் கிடங்குக்கும் போன பிறகு தையலம்மா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். அந்தக் கதவுக்கும் அவள் வாசலுக்கும் நடுவே இருந்த சந்து இப்போது தகரம் அடித்து மூடப்பட்டிருந்தது. முன்பெல்லாம் அவள் தட்டியதே இல்லை. டீச்சரக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போய்விடுவாள்.

டீச்சர் கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். ரவிக்கை தோளில் நழுவியது. அது தான் தைத்தது என்று தையலம்மா பார்த்த உடனே கண்டுகொண்டாள்.

"செடியப் பத்தியா?"

"ஆமா டீச்சரக்கா."

"மேல வா."

பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, தரையில் நீளமான வயரோடு மின்சாரக் கெட்டில். அதை ஒளித்துவைக்க டீச்சர் சிரமப்படவில்லை. காலால் சற்றுத் தள்ளிவிட்டு இடம் கொடுத்தாள்.

தையலம்மா கைப்பிடிச் சுவரருகே நின்று கீழே பார்த்தாள். சொந்த வீட்டை அவள் மேலிருந்து பார்த்ததில்லை. தண்ணீர்த் தொட்டியின் மூடியில் ஒரு செருப்பு கிடந்தது, யாருடையது என்று தெரியவில்லை. கொடியில் பாப்பாவின் சாக்ஸ் வரிசை. அடுத்து ஊஞ்சல். எல்லாவற்றுக்கும் நடுவில், படம் பிடிக்க வைத்ததுபோல, பின்வாசல் படி. நெட்டிலிங்கம் உயிரோடு இருந்திருந்தால் சரியாக அதை மறைத்திருக்கும். ஊஞ்சல் பக்கம் செழித்து நின்ற கன்றுகள் எதையுமே மறைக்கவில்லை. ஊஞ்சல் படியைவிடச் சுவரிலிருந்து தள்ளியிருந்ததால், அவற்றின் தலைக்கு மேலே அதன் பலகை முழுதாகத் தெரிந்தது.

"நல்லாத் தெரியுது இல்ல?" என்றாள் டீச்சர்.

"தெரியுது."

"ஆரம்பத்துல பாக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். கதவைச் சாத்தியே வெச்சிருந்தேன். உள்ள இருந்தா உங்க வீட்டுச் சத்தம் கேக்கும். குழாய், பாத்திரம், மெஷின். பாக்காம கேக்குறது அதைவிட மோசமா இருந்துச்சு."

"உங்க கண்ணுல பாப்பா படக் கூடாதுன்னுதான் செடி வெச்சோம் டீச்சரக்கா. உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு."

"அவ பக்கத்துச் செடிய நான் தொட்டேனா?"

"இல்ல."

"தொட மாட்டேன். அங்க இன்னும் நல்லா அடைச்சு வை. அவ வளர்றதை என்னால பாக்க முடியல. போன வாரம் ஸ்கூல் விட்டு வரும்போது பாத்தேன். பாவாடை மடிப்பைப் பிரிச்சு இறக்கி விட்டிருக்க. பழைய மடிப்புக் கோடு இங்கேர்ந்தே தெரியுது."

அந்தக் கோட்டை இஸ்திரி போட்டு அழிக்கப் பார்த்தது தையலம்மாவுக்கு நினைவிருந்தது.

"ஆனா படிய மறைக்காதே," என்றாள் டீச்சர்.

"படியையா?"

"உன் வீட்டுக்காரர் தினம் வந்து உக்கார்றாரே, அந்தப் படி. அவர் சிரிக்கிறாரான்னு எனக்குத் தெரியணும்."

கீழே தெருவில் ஒரு காய்கறி வண்டி போனது. அது தாண்டும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"ஒரே ஒரு தடவை சிரிச்சார். யார்கிட்டயோ போன் பேசிக்கிட்டே. அன்னிக்கு என்னை எங்க வீட்டுக்காரர் பிடிச்சு வெச்சுக்க வேண்டியதாயிடுச்சு. மத்த நாளெல்லாம் சும்மா தரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பார். அதைப் பாத்துட்டுப் போனா நான் ரெண்டு வாய் சாப்பிடுவேன். தூங்கவும் முடியும். இது நியாயமில்லன்னு எனக்குத் தெரியும். எத்தனை பிள்ளைங்களுக்கு நியாயம் சொல்லிக் குடுத்திருக்கேன். தெரிஞ்சு என்ன பண்றது, சொல்லு."

"வீட்டுக்குள்ளயும் அவர் சிரிக்கிறது இல்ல."

"உள்ள நடக்குறது எனக்குத் தெரியாது. தெரியாததை வெச்சு நான் என்ன பண்ணுவேன்?"

"அவரை வந்து உங்ககிட்ட பேசச் சொல்லட்டுமா? எப்பவோ பேசியிருக்கணும்."

"வேண்டாம்." டீச்சர் அதை யோசித்து வைத்திருந்தவள்போலச் சொன்னாள். "பேசினா நான் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். அழுவார். பரவாயில்லன்னு என் வாயே சொல்லிடும். அப்புறம் ஊரே வந்து, மன்னிச்சிட்டீங்களாமே, பெரிய மனசுன்னு சொல்லிட்டுப் போவாங்க. எனக்குப் பெரிய மனசெல்லாம் இல்ல. அவர் பேச வேண்டாம். உக்காந்தாப் போதும்."

"எத்தனை நாளைக்கு டீச்சரக்கா?"

"தெரியலயே."

தையலம்மா மறுபடியும் கீழே பார்த்தாள். ஊஞ்சலுக்கும் படிக்கும் அதிக தூரமில்லை. ஒன்றை மறைத்து ஒன்றை விடுவது முடியும் காரியம்தான். கழுத்தை மூடி முதுகை விட்டுத் தைக்கச் சொல்கிறவர்கள் இல்லையா.

"பாப்பா வெளிய வரலாமா?"

"எனக்குத் தெரியாம இருந்தா வரட்டும்."

"சரி," என்றாள் தையலம்மா.

இந்த முறை அளவெடுத்தார்கள். செடிக்கடை அக்கா நீண்ட கம்பின் நுனியில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு தோட்டத்தில் நின்றாள். பால்கனியில் டீச்சரும் தையலம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

"அளவு சொல்ல மாடியில ரெண்டு பேரு, கம்பு தூக்க நான் ஒருத்தி," என்று அக்கா கீழேயிருந்து குரல் கொடுத்தாள். "சமாதானம் ஆயிட்டீங்கன்னா எனக்கு வியாபாரம் போச்சு. சொல்லுங்க, இங்கயா?"

"ஊஞ்சல் கிட்ட வாங்க," என்றாள் டீச்சர். "இன்னும் கிட்ட. அங்கதான். கம்பை ஏத்துங்க. இன்னும் ஒரு சாண். போதும், பலகை மறைஞ்சிடுச்சு." வகுப்பில் கரும்பலகைக்கு முன் நிற்கிறவளின் குரல் அது. பல மாதங்களாக யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. "இடது பக்கம் வளைச்சு வாங்க. அவ ஆடும்போது கால் வெளிய வரும். அதுவும் தெரியக் கூடாது."

அக்கா ஒவ்வோர் இடத்திலும் குச்சி நட்டு அடையாளம் வைத்தாள். அரைவட்டமாக வந்தது.

"நிறுத்துங்க. அதுக்கு மேல வேண்டாம். படி தெரியணும்."

"என்னது, படிய மறைக்க வேண்டாமா?" அக்கா சிரித்தாள். "செத்த செடியெல்லாம் அதுக்கு நேராத்தானே இருந்துச்சு. காசு குடுத்து மறைக்க வந்துட்டு நடுவுல ஜன்னல் வைக்கிறீங்க."

"வேண்டாம்க்கா," என்றாள் தையலம்மா. "படி தெரியட்டும்."

அக்கா கம்பை இறக்கினாள். மேலே நின்ற இரண்டு முகங்களையும் பார்த்தாள். அன்று அவள் அதற்குப் பிறகு கேலி பேசவில்லை. "அப்ப படிக்கு முன்னால முழங்கால் உயரத்துக்கு மேல எதுவும் வரக் கூடாது," என்று மட்டும் சொன்னாள். "புல்லு போட்டுக் குடுக்கிறேன்."

சுவரோர நெட்டிலிங்கங்களைப் பிடுங்கிவிட்டு, குச்சி நட்ட இடங்களில் செம்பருத்தியை நெருக்கமாக வைத்தார்கள். வேன்காரன் வேலைவிட்டு வந்தபோது மண் ஈரமாக இருந்தது. ஷூவோடு நடந்து சுற்றிப் பார்த்தான்.

"இந்தப் பக்கம் ஒண்ணும் வைக்கலயா? மறந்துட்டாங்களா?"

"மறக்கல. நான் டீச்சர்கிட்ட போய்ப் பேசினேன்."

அவன் படியில் உட்காரப் போனவன் நின்றான். அவள் அவனை முன்னறைக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். கெட்டில், போன், இரண்டு வாய்ச் சோறு, எதையும் விடவில்லை. மெஷினில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள். அதனால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"நீ சரின்னுட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்னைக் கேக்கல."

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவீங்க. அப்புறம் பாப்பா இந்த மெஷினுக்கு அடியிலயேதான் இருப்பா."

"என்னைக் கொண்டுபோய் அங்க உக்கார வெச்சிட்டு..." அவன் முடிக்கவில்லை. "நான் வெளிய வராம உள்ளயே இருந்துட்டா?"

"நீங்க தெரியலன்னா அவங்களுக்குத் தாங்காது. மறுபடி வெந்நீர்தான்."

"செடிக்கா?"

"செடிக்குத்தான்னு நினைக்கிறேன்."

பாப்பா மெஷினுக்கு அடியில் ஒரு துணித்துண்டை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். வேன்காரன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"சிரிக்கக் கூடாது, அவ்வளவுதானே?" என்றான். "அதுல ஒண்ணும் கஷ்டமில்ல." பிறகு பின்பக்கம் போய் உட்கார்ந்தான்.

மழைக்காலம் அந்த வருடம் நன்றாகப் பெய்தது. செம்பருத்தி அக்கா சொன்னபடியே வெட்ட வெட்ட அடர்ந்தது. இலைகளுக்கு நடுவே விரல் நுழையாது. ஒரு சாயங்காலம் தையலம்மா பாப்பாவின் கையைப் பிடித்து அரைவட்டத்துக்குள் கூட்டிப்போய், மேலே பார் என்றாள். பாப்பா பார்த்தாள். இலையும் ஒரு துண்டு வானமும்தான் இருந்தன. அன்று ஊஞ்சலில் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தாள். மறுநாள் கால்களை உதைத்து ஆடினாள். ஒரு வாரத்தில் வீட்டுக்குள் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்தாள். கிசுகிசுப்பு போய்க் குரல் திரும்ப வந்தது. பள்ளியிலும் மைதானத்தில் ஓடுகிறாள் என்றார்கள்.

வேன்காரன் தினமும் படியில் உட்கார்ந்தான். டீச்சர் தினமும் வந்து நின்றாள். செடிக்குப் பின்னாலிருந்து பாப்பா அப்பாவிடம் பேசுவாள். செடி முடிகிற ஓரத்தில் அவளுக்கு அப்பாவின் முழங்காலும் ஷூவும் மட்டும் தெரியும்.

"அப்பா, எங்க விளையாட்டு சார் இன்னிக்கு விசில் ஊதினார்."

"ம்."

"ஊதினாரா, பல் செட்டும் சேந்து வந்து கீழ விழுந்துடுச்சு."

வேன்காரன் மேல்வரிசைப் பல்லால் உதட்டின் உட்புறத்தைப் பிடித்துக்கொண்டான். குனிந்தால் தோள் குலுங்குவது தெரியும் என்று அவனுக்குத் தெரியும். நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அதை எடுத்துச் சட்டையில துடைச்சு மாட்டிக்கிட்டார்ப்பா. தலைகீழா. அப்படியே, யார்டா சிரிச்சதுன்னு கேக்குறார். என்ன சொல்றார்னே யாருக்கும் புரியல. முன் பெஞ்ச் பையன், சார் லீவுன்னு சொல்றார்னு பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டான்." பாப்பாவால் மேலே சொல்ல முடியவில்லை. ஊஞ்சல் சங்கிலி அவள் சிரிப்புக்கு ஆடியது. ஒரு வருடம் வெளியே வராத சிரிப்பு; இலை அதை நிறுத்தவில்லை, பால்கனிவரை போயிருக்கும்.

சமையலறை ஜன்னலிலிருந்து தையலம்மா கணவனைப் பார்த்தாள். முகம் கல்லாக இருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இரண்டு கண்ணிலிருந்தும் நீர் வழிந்து தாடையில் சொட்டியது, அதைத் துடைக்கவும் அவன் கையைத் தூக்கவில்லை. மாடியிலிருந்து பார்க்கிறவருக்கு அழுகிறான் என்றுதான் தோன்றும். டீச்சர் சுவரில் ஊன்றிய முழங்கையை மாற்றி ஊன்றிக்கொண்டாள்.

"அப்பா, கேக்குதா?"

"கேக்குது. சொல்லு."

"ஏன் சிரிக்க மாட்டேங்கிற?"

ஊஞ்சல் நின்றது. பாப்பா கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"உனக்கு நான் சொல்றது எதுவுமே பிடிக்கல," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பலகையிலிருந்து இறங்கி, வேலிக்குள்ளேயே நடந்து சமையலறை ஜன்னலுக்குக் கீழே வந்தாள். மேலே தகரச் சாய்ப்பு இருந்ததால் அந்த இடம் எந்த மாடிக்கும் தெரியாது.

"அம்மா, இனிமே உங்கிட்டதான் சொல்லுவேன்," என்று சொல்லிவிட்டு, விசில் ஊதியதிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

தையலம்மா சிரித்தாள். பிள்ளைக்காகச் சிரிக்கத் தொடங்கி, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பையன் வந்தபோது உண்மையாகவே சிரித்தாள். இரண்டு பேர் சிரிப்பும் படிக்குக் கேட்டது. அங்கே உட்கார்ந்திருந்தவன் திரும்பிப் பார்க்கவில்லை.